வெர்சாய் அரண்மனைக்கு ஒரு நாள்: சீட்டு எடுப்பதிலிருந்து திரும்பி ரயில் ஏறும் வரை

பாரிஸ் வரும் நம்மவர்கள் பலர் வெர்சாய்க்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். காலையில் ஈபிள் கோபுரம், மத்தியானம் வெர்சாய், ராத்திரி படகுச் சவாரி என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அரண்மனை, அதன் பின்னால் தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் பெரிய கால்வாய், த்ரியானோன் மாளிகைகள், ராணியின் கிராமம் என்று மொத்த இடமும் சுமார் 800 ஹெக்டேர். முழு நாள் ஒதுக்கினாலும் எதையாவது விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும்.

வயதான பெற்றோரையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்வந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். கார்டு, சீட்டு, ரயில், சாப்பாடு என்று ஒவ்வொன்றிலும் முட்டி மோதித்தான் விஷயம் தெரிந்துகொண்டோம். பதினான்காம் லூயி, ஒப்பந்தம், புரட்சி எல்லாம் புத்தகங்களில் இருக்கிறது, இங்கே அது வேண்டாம். என்ன எடுத்துப் போவது, எவ்வளவு செலவாகும், எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும், இதுதான் பேச்சு.

1. முதலில் நாளைக் குறியுங்கள், அப்புறம்தான் சீட்டு

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. த்ரியானோனும் கிடையாது. தோட்டமும், அதைத் தாண்டிக் கால்வாயை ஒட்டியிருக்கும் பூங்காவும் மட்டும் திறந்திருக்கும். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களிலும் அரண்மனை மூடியிருக்கும். விமானச் சீட்டை எடுத்து, ஓட்டல் பதிவு செய்து, மிச்சமிருக்கும் ஒரே நாள் திங்கள் என்று வந்து நிற்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை திறந்திருக்கும், ஆனால் கூட்டம் தாங்காது. பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை என்பதால் அங்கே போக வேண்டிய கூட்டமெல்லாம் இங்கே திரும்பிவிடுகிறது. சனி, ஞாயிறும் கூட்டம்தான். உள்ளூர்க்காரர்களும் வருவார்கள், நீரூற்றுகள் ஓடும் நாட்களும் அவைதான். ஆகவே புதன், வியாழன், வெள்ளி. இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். நீரூற்றுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் சனி, ஞாயிறு.

மாதத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை சீட்டு விலை குறைவு, கூட்டமும் குறைவு. அந்த மாதங்களில் முதல் ஞாயிற்றுக்கிழமை அரண்மனைக்கு அனுமதி இலவசம்கூட. ஆனால் குளிர்காலத்தில் நீரூற்றுகள் ஓடாது, தோட்டத்துச் சிலைகளைத் துணி போர்த்தி மூடிவிடுவார்கள், அரண்மனையும் 5.30 மணிக்கே மூடிவிடும். தோட்டத்துக்காகப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது.

2. எந்தச் சீட்டு

மூன்று சீட்டுகள் முக்கியம். அரண்மனை மட்டும் ஒன்று, த்ரியானோன் மட்டும் ஒன்று, எல்லாம் சேர்த்து 'பாஸ்போர்ட்' என்ற பெயரில் ஒன்று. முழு நாள் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சீட்டுதான் சரி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரையான சீசனில் பெரியவர் ஒருவருக்கு 30 யூரோவுக்கு மேல் வரும். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் சற்று அதிகம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், லண்டன் என்று எங்கிருந்து வந்தாலும் அந்தக் கூடுதல் கட்டணத்தில்தான் வருவீர்கள். ஆகவே பழைய பதிவுகளில் பார்த்த விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இனி, பலர் வழுக்கும் இடம். தோட்டம் இலவசம் என்று எங்கும் படிப்பீர்கள். பாதிதான் உண்மை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, சனி ஞாயிறுகளிலும் சில செவ்வாய்களிலும் இசையோடு நீரூற்றுகளை ஓட விடுவார்கள். திங்கள் தவிர மற்ற வார நாட்களில் நீரூற்றுக் காட்சி இல்லாமல் தோட்டத்தில் இசை மட்டும் ஒலிக்கும். இந்த இரண்டு வகை நாட்களிலும் தோட்டத்துக்குக் கட்டணம் உண்டு. அரண்மனைச் சீட்டு மட்டும் வாங்கியவர் அன்றைக்குத் தோட்ட வாசலில் நின்று தனியாக இன்னொரு சீட்டு வாங்க வேண்டும். பாஸ்போர்ட் சீட்டில் தோட்டமும் அடக்கம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், அரண்மனையும் த்ரியானோனும் இலவசம். ஆனால் மேலே சொன்ன கட்டண நாட்களில் 6 வயது நிரம்பிய பிள்ளைகளுக்குத் தோட்டச் சீட்டு வாங்க வேண்டும். அரண்மனைக்கும் 'இலவசம்தானே' என்று சும்மா கூட்டிப்போக முடியாது. சீட்டு பதிவு செய்யும்போதே அவர்களுக்கும் பூஜ்ய யூரோ சீட்டைச் சேர்த்து, அதே நேரத்துக்குப் பதிந்துகொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கும் இலவசம். பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ படிக்கும் நம் மாணவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குடியுரிமை கேட்பதில்லை, அங்கே வசிப்பதற்கான அத்தாட்சி இருந்தால் போதும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டதால் லண்டன் மாணவர்களுக்கு இது பொருந்தாது.

பாரிஸ் மியூசியம் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பாஸில் அரண்மனையும் த்ரியானோனும் உண்டு, ஆனாலும் வெர்சாய்க்கு நேரம் தனியாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். கட்டண நாட்களில் தோட்டம் அதில் அடங்காது.

3. பதிவு செய்யும்போது கார்டு படுத்தும் பாடு

அரண்மனையின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். இணையத்தில் தேடினால் மேலே விளம்பரமாக வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்கள். அதே சீட்டுக்குக் கூடுதலாக வாங்குவார்கள், அல்லது வேண்டாத வழிகாட்டியையும் சேர்த்து விற்பார்கள். முகவரி 'எஃப்ஆர்' என்று முடிகிறதா என்று பாருங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே, ஊரிலேயே பதிவை முடித்துவிடுவது நல்லது. காரணம் இருக்கிறது. நம் வங்கி கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை தானாகவே இயங்காது. வங்கிச் செயலியில் போய் நாம்தான் அதை இயக்க வேண்டும், வரம்பையும் உயர்த்த வேண்டும். அதைச் செய்தாலும் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். பாரிஸில் போய் இறங்கி, உள்ளூர் சிம் போட்டுவிட்டால் அந்த ஓடிபியைப் பார்க்க வழியில்லை. என் கார்டு இதே காரணத்தால் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. கண்ணெதிரே காலை நேரச் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன.

சீட்டில் நேரம் குறித்திருக்கும். அந்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் வாசலில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் வரும் சீட்டைப் போனில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்துவையுங்கள். வாசலில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் இணையத்தைத் தேடும்போது சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எந்த நேரம்? 9 மணி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். கிடைக்கவில்லையா, 10, 11 மணி வேண்டாம். சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிவது அப்போதுதான். நேரே 3 மணிக்கு மேல் போய்விடுங்கள். கண்ணாடி மண்டபம் மேற்கே தோட்டத்தைப் பார்த்து இருப்பதால் பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாக நேராக உள்ளே விழும். காலையில் கிடைக்காத அழகு அது. அப்படி எடுப்பவர்கள் வரிசையை மாற்றி, காலையில் தோட்டம், 12 மணிக்கு த்ரியானோன், கடைசியில் அரண்மனை என்று வைத்துக்கொள்ளலாம்.

4. கையில் இருக்க வேண்டியவை

கடவுச்சீட்டு (மேலே சொன்ன 'பாஸ்போர்ட்' சீட்டு அல்ல), பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும். வயதைக் காட்டி இலவசம் கேட்கும்போது ஆதாரம் கேட்பார்கள். மாணவர்கள் என்றால் குடியிருப்பு அட்டை அல்லது நீண்டகால விசா. தோட்டத்தில் மின்சார வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்ட நினைத்தால் ஓட்டுநர் உரிமம். அப்புறம் இயர்போன், அரண்மனையின் இலவசச் செயலியில் ஒலி வழிகாட்டி இருக்கிறது, வீட்டிலிருந்தே தரவிறக்கிக்கொண்டு போங்கள். தண்ணீர் பாட்டில். நடக்கத் தோதான செருப்போ ஷூவோ. பட்டுப்புடவை கட்டிப் படம் எடுக்க ஆசையிருந்தால் கட்டுங்கள், ஆனால் குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். முன்முற்றம் முழுக்கக் கருங்கல் பதித்த தரை, தோட்டப் பாதையோ பொடிக்கல்.

5. ரயில்: பெயர் ஒன்று, நிலையம் மூன்று

வெர்சாய் ஊரில் மூன்று ரயில் நிலையங்கள். குழப்பம் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அரண்மனைக்கு மிக அருகில் இருப்பது 'வெர்சாய் ஷத்தோ ரீவ் கோஷ்'. இறங்கி 10 நிமிட நடை. ஆர்இஆர் என்ற புறநகர் ரயிலின் சி பாதை அங்கே போய் முடிகிறது. சேன் மிஷேல், முசே தோர்சே, ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஷான் து மார்ஸ் ஆகிய இடங்களில் ஏறலாம், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சி பாதைக்குக் கிளைகள் பல. பெயரில் வெர்சாய் இருக்கிறதே என்று 'வெர்சாய் ஷாந்தியே' போகும் சி ரயிலில் ஏறினால் அது தெற்கே ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும், உங்கள் 9 மணி சீட்டு அவ்வளவுதான். பலகையில் 'ரீவ் கோஷ்' என்று முழுப்பெயரையும் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இன்னொன்று, ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை, பாரிஸின் நடுப்பகுதியில் ஆர்இஆர் சி பாதையைப் பராமரிப்பு வேலைக்காக ஆண்டுதோறும் மூடுவது வழக்கம். பள்ளி விடுமுறையில் வருகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். முந்தின நாள் இரவே ரயில் செயலியில் பார்த்துவிடுங்கள். அப்போது மாற்று வழிகள் இரண்டு. மோன்பர்னாஸிலிருந்து 'என்' (N) பாதை ரயில், ஷாந்தியே நிலையத்தில் இறங்க வேண்டும்; சேன் லசாரிலிருந்து 'எல்' (L) பாதை ரயில், 'ரீவ் துருவாத்' நிலையத்தில் இறங்க வேண்டும். இரண்டிலிருந்தும் அரண்மனைக்கு 20 நிமிடம் நடக்க வேண்டும்.

நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் 171ஆம் எண் பேருந்தை யோசியுங்கள். 9ஆம் மெட்ரோவில் போன் து செவ்ர் வரை போய் அங்கே ஏறினால் அரண்மனைக்கு எதிரிலேயே இறக்கிவிடும். காலை நெரிசலில் நேரம் கூடுதலாகும் என்பது மட்டும்தான் குறை.

கட்டணம்: 2025 ஜனவரியில் மெட்ரோ, ரயில், ஆர்இஆர் எல்லாவற்றுக்கும் பாரிஸ் வட்டாரம் முழுக்க ஒரே சீட்டு, 2.50 யூரோ என்று ஆக்கினார்கள், பிறகு சில காசுகள் ஏறியிருக்கிறது. வெர்சாய்க்குத் தனி விலைச் சீட்டு என்ற பழைய கதை இப்போது இல்லை. பேருந்துக்கு வேறு சீட்டு, 2 யூரோ அளவில். மெட்ரோ சீட்டை வைத்துப் பேருந்தில் ஏற முடியாது. நவிகோ ஈஸி என்ற அட்டையை 2 யூரோ கொடுத்து வாங்கி அதில் சீட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒரே அட்டையைத் தட்டிவிட்டுக் குடும்பமே உள்ளே போக முடியாது. 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். திரும்பும் சீட்டையும் காலையிலேயே ஏற்றிவிடுங்கள், மாலையில் வெர்சாய் நிலையத்து இயந்திரங்களின் முன்னால் வரிசை நீளும்.

ஆர்இஆர் சி-யில் சுற்றுலாப் பயணிகள் அதிகம், ஆகவே ஜேப்படிக்காரர்களும் உண்டு. பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு வெளியே 'வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிறோம்' என்று அழைப்பவர்களைத் தாண்டி நேரே நடையைக் கட்டுங்கள்.

6. வாசலில்

சீட்டு வைத்திருக்கும் தனிநபர்களுக்கு ஏ வாசல், குழுக்களுக்கு பி வாசல். பாதுகாப்புச் சோதனைக்கே நேரம் பிடிக்கும், குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே முற்றத்தில் இருங்கள். நிழல் கிடையாது, வெயிலோ மழையோ அந்தத் திறந்தவெளியில்தான் நிற்க வேண்டும்.

சக்கரம் வைத்த பெட்டியோடு போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வெர்சாயைப் பார்த்துவிடலாம் என்ற திட்டம் இங்கேதான் உடையும். பைகளை வைக்கும் அறை இருக்கிறது, ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பையை அங்கே வைத்துவிட்டு த்ரியானோன் வரை போய்விட்டால், மூடுவதற்குள் அதை எடுக்க அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும். முதுகில் தூக்கக்கூடிய சிறிய பை ஒன்றோடு போய்விடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். பார்வையிடும் பாதையில் ஏறிவிட்டால் பின்னால் திரும்புவது கடினம்.

7. அரண்மனைக்குள்

இரண்டு மணி நேரம் போதும். அறைகளை ஒரே திசையில்தான் பார்த்துக்கொண்டு போக முடியும், திருப்பதி வரிசை மாதிரி கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே முதல் அறைகளில் ஒவ்வொரு படத்துக்கும் நின்று சக்தியைச் செலவழிக்காதீர்கள். 73 மீட்டர் நீளக் கண்ணாடி மண்டபத்துக்கு மிச்சம் வையுங்கள். நடுவில் எல்லோரும் போனை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் கண்ணாடிகள் இருக்கும் சுவரோரமாக ஒதுங்கி ஒரு கண்ணாடியின் அருகே போய்ப் பாருங்கள். மொத்தம் 357 கண்ணாடிகள். சிறு சிறு சதுரங்களாகச் சேர்த்து ஒட்டியது தெரியும், சிலவற்றில் ரசம் மங்கிக் கரும்புள்ளி விழுந்திருக்கும். தூரத்தில் நின்று எடுக்கும் படத்தில் இதெல்லாம் வராது.

ஃப்ளாஷ் கூடாது, செல்ஃபிக் குச்சியும் கூடாது. சாப்பிட அனுமதி இல்லை. வெளியே வந்துவிட்டால் அதே சீட்டில் மறுபடி அரண்மனைக்குள் நுழைய முடியாது. குடும்பத்தில் ஒருவர் பின்தங்கினால் காத்திருந்து சேர்ந்தே வெளியேறுங்கள்.

8. தோட்டமும் சாப்பாடும்

அரண்மனையின் பின்படியில் நின்றால் தோட்டம் முழுக்கக் கீழே இறங்கிக்கொண்டே போகும், கடைசியில் 1,670 மீட்டர் நீளக் கால்வாய். பார்க்கப் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், நம்பாதீர்கள். நடுப்பாதையிலேயே நேராக நடந்து போய்விடாமல் இரண்டு பக்கமும் உள்ள மரச்சோலைகளுக்குள் நுழையுங்கள். வேலியடைத்த மரங்களுக்கு நடுவே ஒவ்வொன்றிலும் ஒரு நீரூற்றோ தூண் மண்டபமோ ஒளிந்திருக்கும். இந்தச் சோலைகள் கட்டண நாட்களில்தான் திறந்திருக்கும். காசு கொடுப்பதற்கு உண்மையான பலன் இதுதான் என்பது என் கருத்து.

நீரூற்றுகள் நாள் முழுக்க ஓடுவதில்லை. எந்த நீரூற்று எத்தனை மணிக்கு என்ற அட்டவணை வாசலில் கிடைக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு நடங்கள். கோடையில் சனிக்கிழமை இரவுகளில் விளக்கும் வாணவேடிக்கையுமாகத் தனிக்காட்சி நடக்கும். அதற்கு வேறு சீட்டு. அந்த நாட்களில் பகல் பார்வையாளர்களைத் தோட்டத்திலிருந்து மாலையிலேயே வெளியேற்றிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சாப்பாடு. உள்ளே உணவகங்கள் இருக்கின்றன, விலை அதிகம், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சாலடும் ரொட்டியும்தான். முந்தின நாள் மாலை பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் லாச்சப்பலுக்குப் போய் நம் கடைகளில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் 9 மணி சீட்டுக்குப் போய்ச் சேர முடியாது. புளிச்சோறு மாதிரி கெடாததாக இருக்கட்டும். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில்தான் கவனம்: தோட்டத்தில் பொட்டலம் பிரிக்கக் கூடாது, காவலர் வந்து எழுப்பிவிடுவார். தோட்டத்தைத் தாண்டி, கால்வாயை ஒட்டிய பூங்காப் புல்வெளிக்குப் போய்விட்டால் தாராளமாக விரித்து உட்காரலாம். நிழலும் அங்கேதான் இருக்கிறது.

9. த்ரியானோனை விடாதீர்கள்

முக்கால்வாசிப் பேர் களைத்துப்போய் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இந்த ஒரு நாளில் மனதில் நின்றது அரண்மனையைவிட இந்தப் பகுதிதான், அதனால்தான் காலைச் சக்தியை மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன்.

12 மணிக்குத்தான் திறக்கும், அதற்கு முன் போய்ப் பிரயோஜனமில்லை. அரண்மனையிலிருந்து அரை மணி நேர நடை. முடியாதவர்களுக்கு அரண்மனையின் வடக்குத் திட்டிலிருந்து சிறு ரயில் போன்ற வண்டி ஓடுகிறது, த்ரியானோன், கால்வாய் இரண்டிலும் நிற்கும். கட்டணம் தனி. பெற்றோர் கூட இருந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

ராணி மரி அந்துவானெத்துக்காகக் கட்டிய கிராமம் உள்ளே தள்ளி இருக்கிறது. குளத்தைச் சுற்றி ஓலை வேய்ந்த குடிசைகள், காய்கறிப் பாத்திகளில் முட்டைக்கோஸ், பண்ணையில் ஆடும் பன்றியும். பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள், அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பாஸ்போர்ட் சீட்டும் அரண்மனைச் சீட்டும் தீர்ந்துபோன நாளில் மாட்டிக்கொண்டால் இது நல்ல மாற்று. த்ரியானோன் சீட்டு விலை குறைவு. பூங்கா இலவசம் என்பதால் ஊருக்குள்ளிருந்து புல்வார் து லா ரேன் சாலையின் கடைசியில் உள்ள பூங்கா வாசல் வழியாகத் தோட்டச் சீட்டு இல்லாமலே போய்ச் சேரலாம்.

10. திரும்புதல்

த்ரியானோனில் நாள் முடிந்தால் அரண்மனை வரை மறுபடி நடந்து ரீவ் கோஷ் போக வேண்டாம். அதே பூங்கா வாசல் வழியாக வெளியேறி நேரே நடந்தால் அரை மணி நேரத்துக்குள் ரீவ் துருவாத் நிலையம் வந்துவிடும், அங்கிருந்து சேன் லசார் ரயில். வழியில் நோத்ர் தாம் சந்தை இருக்கிறது, பழம் வாங்க நல்ல இடம், ஆனால் திறந்தவெளிக் கடைகள் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில்தான்; நீங்கள் திரும்பும் நேரத்தில் எடுத்துக்கட்டியிருப்பார்கள்.

அரண்மனையில் நாள் முடிந்தால் ரீவ் கோஷ்தான் வசதி. பாதையின் கடைசி நிலையம் என்பதால் அங்கே நிற்கும் எந்த ரயிலில் ஏறினாலும் பாரிஸ் பக்கம்தான் போகும். 6.30 மணிக்கு அரண்மனை மூடும்போது கூட்டம் மொத்தமாக நிலையத்துக்கு வரும். 6 மணிக்கே வெளியேறிவிடுங்கள், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உட்கார இடம் கிடைக்கும்.